அக்காவுக்கு இன்னொரு கேமரா

ஜனவரி 11

டேய் திருகாணி,

இங்க நாங்க நல்லா இருக்கோம். அங்க நீயும் உன் வீட்டுக்காரியும் நல்லா இருக்கணும். உன் முதுகுவலி எப்படி இருக்கு? நாள் பூரா குனிஞ்சு உக்காந்து கேமராவைத் திருகிக்கிட்டே இருந்தா முதுகு என்னதான் செய்யும்? மாமாவுக்கு முழங்கால் அப்படியேதான். மாடி ஏறச் சொன்னா "ஐயோ அம்மா"ங்கறார். சீட்டாடக் கூப்பிட்டா ரெண்டு தெரு தாண்டி ஓடுறார்.

விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இன்னொரு கேமரா வேணும். ஃபிலிம் கேமராதான், என்கிட்ட இருக்கிற ஜெர்மன்காரி மாதிரியே, ரெண்டு உருவத்தை ஒண்ணாச் சேர்த்து ஃபோகஸ் பண்ற ரேஞ்ச்ஃபைண்டர். நீ தேடிப் பிடிச்சு, பிரிச்சுத் துடைச்சு, எண்ணெய் போட்டு அனுப்பணும். போன்லயே சொல்லியிருக்கலாம். போன்ல நீ "ஏன், எதுக்கு"ன்னு குடைவ, நான் கத்துவேன். அதான் கடுதாசி.

போன தடவை வந்தப்ப உன் வீட்டுக்காரி கேட்டா, "ஸ்டுடியோவுல எல்லாம் டிஜிட்டல்ல எடுக்கறீங்க, ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் அண்ணி இந்தப் பழசைத் தூக்கிக்கிட்டுப் போறீங்க?"ன்னு. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். அவளுக்கும் சேர்த்தே எழுதறேன். அது பச்சைக் குழந்தைங்க வார்டு. மாசம் முழுசாகாம பொறந்ததுங்க. சிலது வீட்டுக்குப் போகாது. போகாதுன்னு தெரிஞ்சதும் பெரிய நர்ஸ் எனக்குச் சொல்லி அனுப்புவாங்க. நான் போய் அப்பா அம்மாவோட சேர்த்து அந்தக் குழந்தையைப் படம் எடுப்பேன். அவங்ககிட்ட கடைசி வரைக்கும் இருக்கப்போறது அது மட்டும்தான். எவனோ ஒருத்தன் ஒரு தடவை போன்ல எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான். அன்னையிலிருந்து அங்க போனும் கிடையாது, டிஜிட்டலும் கிடையாது. ஃபிலிம்ல எடுக்கணும், பிரிண்ட்டையும் நெகட்டிவையும் பெத்தவங்க கையில கொடுத்துடணும், நம்மகிட்ட ஒரு துண்டு தங்கக் கூடாது. இது பெரிய நர்ஸ் போட்ட சட்டம். ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது, பக்கத்துத் தொட்டில்ல இன்னொண்ணு தூங்கும். நாக்கைச் சொடுக்கற அளவுக்கு மட்டும் சத்தம் போடற கேமராவுக்கு நான் வேற எங்கடா போவேன்?

ஜெர்மன்காரிக்கு வயசாச்சு. அவ பாதியில நின்னா, "நாளைக்கு வாங்க, மறுபடி எடுக்கலாம்"னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? அதான் கூட ஒண்ணு வேணும்.

இன்னொண்ணு. பதில் எழுதறப்ப "ஸ்பேர் பாடி, செகண்ட் பாடி"ன்னு உன் கடை பாஷையில எழுதாதே. அந்த வார்டுக்குப் போய்ட்டு வந்து அந்தச் சொல்லைப் படிக்க எனக்குப் பிடிக்கலை. கேமரான்னே எழுது.

வெந்நீர் ஒத்தடம் கொடு. மாத்திரையை மட்டும் முழுங்கிக்கிட்டே இருக்காதே.

அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை, ஒத்தடம் நடக்குது. மாமாவோட முழங்காலுக்குச் சீட்டுக்கட்டையே மருந்தா கொடுத்துடு. உன் லெட்டரை இவளும் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு அடுப்படியில போய் நின்னுக்கிட்டா.

மேஜை மேல மூணு கேமரா வச்சிருக்கேன். முதல்ல, உன் ஜெர்மன்காரியோட தங்கச்சி. நாலு வருஷம் இளையவ. உன் லென்ஸ் அப்படியே மாட்டிக்கலாம், அதே மெல்லிசான சத்தம். பாக்கற ஜன்னல் கொஞ்சம் மங்கல், பிரிச்சுத் துடைச்சா சரியாகிடும். ரெண்டாவது, ஜப்பான்காரன். ஜன்னல் பளிச்சுன்னு இருக்கும், வெளிச்சத்தையும் அவனே அளந்து சொல்லிடுவான். ஆனா அமுக்கினா அலமாரிக் கதவைச் சாத்தற சத்தம். உன் பெரிய நர்ஸ் அவனையும் உன்னையும் சேர்த்து வெளியில தள்ளிடுவாங்க. மூணாவது, ரஷ்யாக்காரன். எங்க போட்டாலும் உடைய மாட்டான், ஆனா ஃபிலிமை நகர்த்தறதுக்குள்ள கட்டைவிரல் கழண்டுடும்.

என்னைக் கேட்டா, தங்கச்சியையே எடுத்துக்கோ. கூட ஒண்ணு வாங்கறவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. வித்தியாசமா இருக்கட்டும்னு வேற மாதிரி ஒண்ணை வாங்குவாங்க. அவசரத்துல எது எங்க இருக்குன்னு கை தேடும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா கைக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்ன சொல்றே? சரின்னா அடுத்த வாரமே அனுப்பிடறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. போன வாரம் போன்ல உன் குரல் கம்மியிருந்துச்சு, ஜலதோஷமா?

திருகாணி


பிப்ரவரி 8

திருகாணிக்கு,

ஜலதோஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை. கல்லு மாதிரி இருக்கேன்.

தங்கச்சி வேணாம். அந்த ஃபிலிம் நகர்த்தற லீவர் வெளியில துருத்திக்கிட்டு நிக்கும், கண்ணுல வந்து குத்தும். பாக்கற ஜன்னலை ஏண்டா இடது கோடியில கொண்டு போய் வைக்கிறாங்க? மூக்கு போய் கேமரா முதுகுல அப்புது. நடுவுல ஜன்னல் இருக்கிற மாதிரி எதுவும் வராதா? ஜன்னலுக்குள்ள அந்த மஞ்சக் கட்டம் இருக்கே, ரெண்டா தெரியற உருவத்தை ஒண்ணாச் சேர்த்து ஃபோகஸ் பண்றது, அது கொஞ்சம் பெருசா இருக்கிற கேமரா எது? ஓரத்துல பார்த்தாலும் தெரியற மாதிரி?

ஜெர்மன்காரிக்கே இப்பல்லாம் அந்தக் கட்டம் சரியில்லை. ரெண்டு உருவமும் ஒண்ணுகூட மாட்டேங்குது. நான் சேர்த்துட்டேன்னு நினைச்சா படம் கலங்கி வருது. உள்ள ஏதோ ஆடிப்போயிருக்கு. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாச் சொல்லு. இந்தக் குளிர்ல நீ தலைக்குத் துணி கட்டிக்கிட்டு உக்காரு.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

நலம்தானே? இங்க எல்லாரும் நலம். தலைக்குத் துணி கட்டினேன், கடைக்கு வந்தவங்க யாரு செத்துட்டாங்கன்னு கேக்கறாங்க.

எனக்கு ஒண்ணு புரியலை. நீ எத்தனை வருஷமா வலது கண்ணுல பாக்கறே! வலது கண்ணுல பாக்கறவங்களுக்காகத்தான் ஜன்னலை இடது கோடியில வச்சிருக்கான். மூக்கு கேமராவுக்கு வெளியில நிக்கும், லீவர் காதுப்பக்கம் போகும். அது எப்படி உனக்குக் கண்ணுல குத்தும்? உன் மூக்கு எப்படி முதுகுல அப்பும்? இத்தனை வருஷமா அப்பாத மூக்கு இந்த வருஷம் எங்கயாவது நகர்ந்து போச்சா?

ஜெர்மன்காரியை அனுப்பு. அவ எடுத்த படம் நாலஞ்சையும் சேர்த்து அனுப்பு. பார்த்துச் சொல்றேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

திருகாணி


மார்ச் 3

திருகாணிக்கு,

இங்க எல்லாரும் சுகம். வார்டை மேல் மாடிக்கு மாத்தறாங்க, ரெண்டு வாரம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அதுக்குள்ள ஜெர்மன்காரியைத் திருப்பி அனுப்பிடணும். பார்சல்ல அவளோட மூணு ரோல் நெகட்டிவும் வச்சிருக்கேன். பார்த்துட்டு எல்லாத்தையும் பத்திரமா வை, யாருக்கும் காட்டாதே.

மாமா உன்னைக் கேட்டார்.

அக்கா


மார்ச் 22

டேய்,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? பார்சல்ல ஜெர்மன்காரி வந்துட்டா. பிரிச்சு, உதறி, அட்டைப்பெட்டி மூலை வரைக்கும் தடவிப் பார்த்தேன். ஒரு வரி கடுதாசி இல்லை. நெகட்டிவும் இல்லை. நீ கேமராவோட ஒரு திருகை மாத்தினாலே நாலு பக்கம் பெருமை அடிப்பே. என்னடா ஆச்சு?

இங்க வெயில் ஆரம்பிச்சாச்சு. நாங்க நல்லா இருக்கோம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமா இருக்கேன். நீ எப்படி இருக்கே? இந்தத் தடவை சும்மா கேக்கலை. உண்மையைச் சொல்லு.

இந்த லெட்டரை மூணு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன். ஜெர்மன்காரிகிட்ட ஒரு குறையும் இல்லை. பிரிச்சுப் பார்த்தேன், அளந்து பார்த்தேன், உன் லென்ஸையே மாட்டி ஒரு ரோல் நான் எடுத்தேன். எல்லாம் ஊசி முனை மாதிரி துல்லியமா வந்திருக்கு.

உன் நெகட்டிவைப் பார்த்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் ஆடிப்போச்சுன்னா அது ஒரே பொய்யைத்தான் சொல்லும். ஃபோகஸ் எப்பவும் முன்னாடி அடிக்கும், இல்லை எப்பவும் பின்னாடி அடிக்கும். உன் படத்துல ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, ஒண்ணு சரியா இருக்கு, அடுத்தது எங்கயோ போயிருக்கு. கேமரா அப்படித் தப்புப் பண்ணாது அக்கா. முப்பத்தெட்டு வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

நீ இடது கண்ணுல பார்த்துப் பழகிக்கிட்டிருக்கே. லீவர் குத்தினது, மூக்கு அப்பினது எல்லாம் அதனாலதான். உன் வலது கண்ணுக்கு என்ன ஆச்சு?

இன்னொண்ணு. ரெண்டு ரோல்ல மாமா, நாற்காலி, ஜன்னல் கம்பி. மூணாவது ரோல்ல ஒரு பொண்ணு, ஒரு பையன், அவங்க கையில குழந்தை. அஞ்சு படம். ரெண்டுல குழந்தையைச் சுத்தின துணியோட ஓரம் தெளிவா இருக்கு, தையலை ஒண்ணொண்ணா எண்ணலாம். மூணுல அப்பாவோட சட்டைப் பட்டன் தெளிவா இருக்கு. அஞ்சுலயும் குழந்தை முகம் இல்லை. அந்த நெகட்டிவ் பெத்தவங்ககிட்ட இருக்கணும்னு நீதானே எழுதினே? அது எப்படி என் மேஜைக்கு வந்துச்சு?

மாமாகிட்ட நான் ஒண்ணும் கேக்கலை. நீயே சொல்லு.

திருகாணி


மே 30

டேய்,

உசிரோட இருக்கேன். உன் பதிலைப் பார்த்துட்டு மூணு வாரம் உன்மேல கோபம், அப்புறம் ரெண்டு வாரம் என்மேல. அதான் தாமதம்.

ஆமாம்டா, வலது கண்ணுதான். நடுவுல ஒரு அழுக்கு விழுந்த மாதிரி. ஓரமெல்லாம் தெரியும், நேரா எதைப் பார்க்கறேனோ அது மட்டும் தெரியாது. கதவு நிலை நேராத்தான் நிக்குது, எனக்கு இடுப்பு ஒடிஞ்ச மாதிரி வளையுது. ஏப்ரல்லேர்ந்து டாக்டர் மாசத்துக்கு ஒரு ஊசி போடறார். கண்ணுக்குள்ளதான். கேட்டவுடனே முகத்தைச் சுளிக்காதே, போட்டுக்கறவளே சுளிக்கலை. இதுக்கு மேல போகாம நிறுத்தலாம், போனது திரும்பாதுன்னுட்டார். இடது கண்ணு நல்லா இருக்கு, அதையும் பார்த்துக்கணுமாம். அந்த மஞ்சக் கட்டம் சரியா அந்த அழுக்குல போய் உக்காருது. எனக்குன்னு அளவெடுத்து வச்ச மாதிரி!

ஏன் சொல்லலைன்னு கேப்பே. சொன்னா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். "ஓய்வெடு அக்கா"ம்பே. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கண்ணுதான் போச்சு, கை இருக்கு, கால் இருக்கு, முப்பது வருஷமா யாரை எங்க நிக்க வைக்கணும்னு தெரிஞ்ச மண்டை இருக்கு. அதனால நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எனக்குத் தோதா ஒரு கேமரா அனுப்பு.

மாமாவுக்கு எல்லாம் தெரியும். ஊசிக்கு அவர்தான் கூட வர்றார். வெளியில உக்காந்து அழுதுட்டு, உள்ள வந்து "கண்ணுல தூசி"ங்கறார். ஒரு வீட்டுல எத்தனை பேருக்குக் கண்ணு சரியில்லைன்னு டாக்டர் பயந்துட்டார்.

உன் முதுகைக் கவனி.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கண்ணு சீக்கிரம் தேறணும்னு இங்க எல்லாருக்கும் அதே நினைப்பு. இவ அழுதா. நானும்தான், எழுதறதுல என்ன வெக்கம்.

தங்கச்சியை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். உனக்குத் தோதா வேற எதுவும் கிடைக்கலை. கிடைக்கும்னும் தோணலை.

நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுதிடறேன். நிறுத்திடு. கல்யாணத்துல ஒரு படம் தப்பினா இன்னொரு படம் இருக்கு. இங்க தப்பினா அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை. நீதான் எனக்கு எழுதினே, "மறுபடி எடுக்கலாம்"னு சொல்ல முடியாதுன்னு. உனக்குப் பிடிச்ச வேலைங்கறதுக்காக அவங்க தலையில அதைக் கட்டலாமா? நீ என் அக்காங்கறதுக்காக நான் இதைச் சொல்லாம இருக்க முடியாது.

அந்த அஞ்சு படத்தைப் பத்தி ஒரு வரி கூட நீ எழுதலை. அந்தப் பொண்ணு யாரு? அவகிட்ட என்ன சொன்னே?

ஊசிக்கு மறக்காம போ.

திருகாணி


ஜூலை 21

திருகாணி சாருக்கு,

நல்லா இருக்கேன். நாலு ஊசி முடிஞ்சுது. அழுக்கு பெருசாகலை.

உனக்கு ஒரு கேமரா கிடைக்கலையா? கடை பூரா கேமரா, கட்டிலுக்கு அடியில கேமரா, உன் வீட்டுக்காரி துணி வைக்கிற அலமாரியில பாதி கேமரா. உனக்குக் கிடைக்கலையாம்! காதுல பூ சுத்தறதுக்கு வேற ஆளைப் பாரு.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். அந்தப் பொண்ணு தையல்காரி, கடைத்தெருவுல சின்னதா ஒரு கடை. டிசம்பர்ல பெரிய நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினாங்க. குழந்தைக்கு அஞ்சு நாள்தான் ஆயிருந்துச்சு. இடது கண்ணுல பார்க்கணும்னு வழி பூரா சொல்லிக்கிட்டே போனேன். உள்ள போனதும் அந்தப் பொண்ணு குழந்தையை என் பக்கமா லேசா திருப்பி, "முகம் தெரியற மாதிரி எடுங்க"ன்னா. கை தானா வலது கண்ணுக்குப் போயிடுச்சு. முப்பது வருஷப் பழக்கம்டா, யாரைக் கேட்டுக்கிட்டுப் போகும்? ஓரத்துல எல்லாம் தெரிஞ்சுது, சரியாத்தான் இருக்குன்னு நினைச்சு அஞ்சு தடவை அமுக்கினேன். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தப்ப அஞ்சுலயும் முகம் இல்லை. அதுக்குள்ள குழந்தை போயிடுச்சு.

அந்தப் பொண்ணு ஸ்டுடியோவுக்கு வந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேமரா பழசும்மா, ஃபிலிம் கெட்டுப்போச்சு"ன்னேன். அவ "சரிங்க"ன்னா. போய்ட்டா. டாக்டர் எனக்குக் கண்ணைப் பத்திச் சொன்னது நவம்பர்ல. டிசம்பர்ல இது. தெரிஞ்சேதான் போனேன். உனக்குக் கேமரா கேட்டு எழுதினதும் அதனாலதான். கேமரா மேல பழி போட்டாச்சு, அதை நானே நம்பணும்ல? நீ ஒரு குறை கண்டுபிடிச்சு எழுதியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். நீ என்னடான்னா ஊசி முனைங்கறே.

நிறுத்துன்னு எழுதியிருக்கே. நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனா நிறுத்த மாட்டேன். நான் நிறுத்தினா அங்க ஃபிலிமைத் தூக்கிக்கிட்டு வேற யாரும் வரப்போறதில்லை. ஆறு ஸ்டுடியோக்காரங்களைப் பெரிய நர்ஸ் கேட்டுப் பார்த்துட்டாங்க. ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய்ட்டார். எனக்குப் பிடிச்ச வேலைன்னு எழுதறே. எவளுக்குடா பிடிக்கும் இந்த வேலை? யாராவது செய்யணும், நான் செய்யறேன், அவ்வளவுதான்.

கேளு. என் கண்ணை நம்பி இனிமே ஒரு படம் எடுக்கறதா இல்லை, ரெண்டு கண்ணையும்தான் சொல்றேன். கேமரா பட்டை மாட்டற வளையத்துல ஒரு கயிறு கட்டினேன். லென்ஸ்ல ஒரு மீட்டர்னு வச்சுட்டு, கயித்துல ஒரு மீட்டர்ல ஒரு முடிச்சு. எழுபது சென்டிமீட்டர்ல இன்னொண்ணு. முடிச்சு முகத்துக்கிட்ட வந்தா ஃபோகஸ் சரி. மாமாவை நாற்காலியில உக்கார வச்சு ரோல் பூரா எடுத்தேன். முப்பத்தாறுல முப்பத்திநாலுல மூக்குமுடி வரைக்கும் தெரியுது. மீதி ரெண்டுல அவர் தும்மினார்.

பெரிய நர்ஸ்கிட்ட கண்ணு, டிசம்பர், பொய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் திட்டினாங்க. நியாயமான திட்டு. அப்புறம் கயித்தைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, "ஸ்பிரிட்ல துடைச்சு எடுத்துக்கிட்டு வாங்க. முடிச்சை முகத்துக்கிட்ட நான் பிடிக்கறேன்"னாங்க.

அதனால எனக்கு ரேஞ்ச்ஃபைண்டரே வேணாம். ஃபோகஸ் பண்ற ஜன்னலே இல்லாத ஒரு கேமரா வருமே, அதோட தலைமேல தனியா ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கிட்டுச் சட்டத்துக்குள்ள என்ன வருதுன்னு மட்டும் பாக்கறது, அது வேணும். அது நடுவுல இருக்கும், இடது கண்ணுக்கு வாகா இருக்கும், மூக்கும் பிழைக்கும். நீ அனுப்பலைன்னா வேற எவன்கிட்டயாவது வாங்குவேன். அவன் உன்னை மாதிரி எண்ணெய் போட்டுத் தர மாட்டான், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

நாலு ஊசியும் நல்லபடியா ஆச்சுன்னு படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு.

கிடைக்கலைன்னு எழுதினது பொய். தங்கச்சி இங்கதான் இருக்கா, யாருக்கும் கொடுக்கலை. கேமரா கிடைக்கலைன்னா நீ நிறுத்திடுவேன்னு நினைச்சேன். என் அக்காவைப் பத்தி எனக்கே இவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு.

நீ கேட்டதை அனுப்பியிருக்கேன். ஜன்னல் இல்லாத ஜெர்மன்காரி. தலைமேல மாட்டற கண்ணாடியும் கூட இருக்கு. கயித்தை நம்பறே, சரி. லென்ஸ் வளையத்தை ஒரு மீட்டருக்குத் திருப்பினோமா இல்லையான்னு அந்த இருட்டுல எதை வச்சுப் பார்ப்பே? அதனால இன்னொரு லென்ஸ் எடுத்து, வளையத்துல ஒரு மீட்டருக்கு ஒரு பள்ளம், எழுபதுக்கு ஒரு பள்ளம் போட்டிருக்கேன். திருப்பினா விரலுக்கே தெரியும், தானா நிக்கும். முதல் தடவை போட்ட பள்ளம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வளையம் கடைஞ்சேன். ஒரு மாசம் ஆனதுக்கு அதான் காரணம். இனிமே இதுதான் உன் முதல் கேமரா. பழைய ஜெர்மன்காரி கூட வரட்டும், அவ ரெண்டாவது. அவ லென்ஸுக்கும் இதே பள்ளம் போட்டுத் தர்றேன், அனுப்பு.

பார்சலுக்குள்ள ஒரு கவர் இருக்கு. அஞ்சு நெகட்டிவும், நான் போட்ட அஞ்சு பிரிண்ட்டும். எதையும் வெட்டலை, எதையும் திருத்தலை. இது நம்மகிட்ட இருக்கக் கூடாது. யார்கிட்ட இருக்கணும்னு உனக்குத் தெரியும்.

இவ உன்னை விசாரிச்சா. அண்ணிகிட்ட "ஜாக்கிரதை"ன்னு மட்டும் எழுதச் சொன்னா. "ஓய்வு"ன்னு எழுதக் கூடாதாம்.

திருகாணி


செப்டம்பர் 23

என் திருகாணிக்கு,

ரெண்டு கேமராவும், பள்ளம் போட்ட ரெண்டு லென்ஸும் வந்து சேர்ந்துச்சு. நாங்க நல்லா இருக்கோம். மாமாவை மறுபடி நாற்காலியில உக்கார வச்சேன், மனுஷன் இப்பல்லாம் தலை சீவிக்கிட்டு வந்து உக்கார்றார். முப்பத்தாறும் சரியா வந்துச்சு. பள்ளம் அருமை. வாயால சொல்ல மாட்டேன், எழுதிட்டேன், வச்சுக்கோ.

நேத்து தையல் கடைக்குப் போனேன். ஒரு வாரமா போறேன் போறேன்னு தள்ளிப்போட்டு, தெருமுனை வரைக்கும் போய் ரெண்டு தடவை திரும்பி வந்தேன். சின்னக் கடைதான். ஒரு மெஷின், ஒரு மேஜை, சுவத்துல ஆணி அடிச்சு வெட்டின துணியெல்லாம் தொங்குது. அவ கழுத்துல டேப் போட்டுக்கிட்டு மெஷின்ல உக்காந்திருந்தா. என்னை அடையாளம் தெரிஞ்சுது. மிதிக்கிறதை நிறுத்தலை. நான் நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். கேமரா கெடலை, ஃபிலிம் கெடலை, என் கண்ணு சரியில்லை, அது எனக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சே வந்தேன், உன்கிட்ட பொய் சொன்னேன். மெஷின் நின்னுச்சு.

கவரை வாங்கினா. அஞ்சையும் மேஜைமேல வரிசையா வச்சா. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. துணி ஓரத்துல விரலை வச்சு, "இது நான் தைச்சது"ன்னா. அப்புறம் நிமிர்ந்து, "நான் முகத்தைக் கேட்டேன். நீங்க என் தையலைப் படம் எடுத்திருக்கீங்க"ன்னா. "ஆமாம்மா"ன்னேன்.

"ஒன்பது மாசமா அந்தக் கேமராவைத் திட்டிக்கிட்டிருந்தேன். கண்ணை மூடினா அதைத்தான் திட்டுவேன். இனிமே உங்களைத் திட்டணும்"னா. திட்டுன்னேன். "மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு நினைச்சு வந்தீங்களா?"ன்னா. இல்லைன்னேன். உண்மையிலயே இல்லைடா. அவ பொருள் அவகிட்ட போகணும், அவ்வளவுதான். உக்காருங்கன்னு அவ சொல்லலை, நானும் உக்காரலை.

இன்னும் வார்டுக்குப் போறேன்னு சொன்னேன். அதையும் மறைச்சு ஒரு பொய் வேணாம்னு தோணுச்சு. கயித்தைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன், நர்ஸ் பிடிக்கிறதைச் சொன்னேன். ரெண்டு கேமரா இருக்குன்னும் சொன்னேன். அவ அஞ்சு படத்தையும் அடுக்கி மேஜை டிராயர்ல வச்சு மூடினா. மெஷினைத் திரும்ப மிதிக்க ஆரம்பிச்சா. சரி, கிளம்ப வேண்டியதுதான்னு படி இறங்கினேன்.

பின்னாலேயே குரல் வந்துச்சு. "ரெண்டு கேமரா இருக்குன்னீங்களே?"

"ஆமாம்மா."

"ரெண்டுலயும் எடுங்க. ஒண்ணைப் பையில வச்சுட்டு நிக்காதீங்க. யாருக்கு எடுத்தாலும் ரெண்டுலயும் எடுங்க. அது கெட்டுச்சு, இது கெட்டுச்சுன்னு இன்னொருத்தி கடைக்கு வராதீங்க."

சரின்னேன். அவ தலையைத் தூக்கலை.

நாளைக்குக் காலையில வார்டுல கூப்பிட்டிருக்காங்க. ரெட்டைக் குழந்தைங்க, அதுல ஒண்ணுக்கு. கயித்தை ஸ்பிரிட்ல துடைச்சு வச்சுட்டேன், ரெண்டுலயும் ஃபிலிம் போட்டாச்சு. ரெண்டையும் ஒண்ணா மாட்டினா கழுத்து என்ன ஆகும்னு மாமா கேக்கறார். வலிக்கும். வலிக்கட்டும்டா, போறேன்.

உன் முதுகுக்கு ஒத்தடம் நிறுத்திடாதே.

அக்கா